முகர்ந்து கோத்த மாலை

சவூதியின் யான்பு நகரில் மகன் வீட்டுப் பூஜையறை என்பது படுக்கையறை அலமாரியின் மேல்தட்டுதான். விளக்கு மலையேறியதும் கதவைச் சாத்திவிடுவோம். உள்ளே தவழும் கையளவுக் கண்ணனுக்கு வெண்ணெய்க்கும் பாசுரத்துக்கும் குறைவில்லை. பூ மட்டும் வாய்க்கவில்லை.

ஒருநாள் மருமகள், ஹவாய்த் தீவுப் பெண்கள் அரிசிமணி அளவுக் கிளிஞ்சல்களைத் துளையிட்டுக் கோத்த மாலையொன்றைக் கைப்பேசியில் காட்டினாள். கோகுலாஷ்டமிக்குக் கண்ணன் அப்படியொன்று சூட வேண்டும் என்று என் மனைவி அன்றே முடிவு செய்தாள். செங்கடற்கரையில் பொழுது சாயும் வரை குனிந்து பொறுக்கினாள். பால்கனி வெயிலில் உலர்த்தி, ஊசியால் துளையிட்டு, நைலான் இழையில் கோத்தாள். அஷ்டமிக்கு முதல்நாள் சாயங்காலம் சாத்தியபோது அது கண்ணனின் முழங்கால் வரை தாழ்ந்து மின்னியது.

காலையில் அலமாரியைத் திறந்தவள் பின்வாங்கினாள். மீன் சந்தையின் நாற்றம். சில கிளிஞ்சல்களின் உட்சுருளில் பிராணி செத்துக் கிடந்திருக்கிறது.

"கோக்கும்போது மோந்து பாக்கலையா அத்தை?" என்றாள் மருமகள்.

"சாமி மாலையை எவளாவது மோந்து பாப்பாளா?"

முகர்ந்த பூ தெய்வத்துக்கு ஆகாது என்று, வாழ்நாளெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டே பூத்தொடுத்தவள் அவள். கிளிஞ்சலையும் அவ்வாறே தொடுத்திருக்கிறாள்.

"தூக்கிப் போட்டுடுங்க. நமக்குக் கொடுத்து வைக்கலை," என்று என்னிடம் மாலையை நீட்டினாள்.

நான் அதை ஒரு தட்டில் அவிழ்த்துக் கொட்டினேன். மணத்தை முதலில் அவன் நுகரட்டும் என்பதற்கே அந்த விதி. நாற்றத்தையும் முதலில் அவனுக்கே படைக்கச் சொல்லும் பாசுரம் எதையும் நான் ஓதியதில்லை. பாலின் சூட்டைத் தன் நாவில் பார்த்த பிறகுதான் தாய் பிள்ளைக்குப் புகட்டுகிறாள். இங்கே தவழ்பவனும் பிள்ளைதான். இதை அவளிடம் சொன்னேன்.

"சரி, யாரு மோந்து பாக்கிறது?"

"நான்."

"ரசம் கருகினாகூடத் தெரியாத மூக்கு உங்களுது."

மருமகள் சிரிப்பை மறைக்க அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மனைவி தட்டை என் கையிலிருந்து வாங்கினாள். கண்ணனுக்கு முதுகு காட்டி அமர்ந்து, முதல் கிளிஞ்சலை மூக்கருகே கொண்டுபோனாள்.

விளக்கேற்றும் வேளையில் மாலை கழுத்தோடு நின்றது.

"இவ்வளவுதான்டா தேறிச்சு," என்று அவனிடமே சொல்லிவிட்டுத் திரியைத் தூண்டினாள்.