வெள்ளிக் கழுத்து

"...கழுத்துச் சுரப்பி சொன்னால்தானாம் எலும்புக்குள்ள இரத்தம் ஊறும், தம்பி. சுரப்பி படுத்திட்டுது, ஊத்தும் வத்திப்போச்சு எண்டு டாக்குத்தர் சொன்னவர்."

நயினாதீவுக்குப் போகும் வள்ளத்தில் என் பக்கத்தில் இருந்த அக்கா சொன்னது இது. ஒடுங்கிய முகம். பேசும்போதெல்லாம் தன் தொண்டையைத் தடவிக்கொள்வார். மகளின் கழுத்து வீக்கம் வற்ற, அந்தத் தீவுக் கோயில் அம்மாளுக்கு வெள்ளியில் கழுத்துச் செய்து சாத்துவதாக நேர்ந்திருந்தாராம். அது மடியில் இருந்தது.

"பிள்ளைக்கு இப்ப சுகமோ, அக்கா?"

"சுண்ணாம்பாய் வெளுத்து மோசம் போயிட்டாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் முடிஞ்சுது. எலும்புக்கெல்லோ நேர்ந்திருக்கவேணும், நான் விசரி கழுத்துக்கு நேர்ந்திட்டன்."

"பிறகேன் இது?" என்று என் வாய் கேட்டுவிட்டது.

"நேர்ந்தது நேர்ந்ததுதானே, தம்பி."

சொல்லிவிட்டு, கடல் தெறித்து நனைந்த அந்த வெள்ளிக் கழுத்தை, குளித்து வந்த பிள்ளைக்குத் துவட்டுவதுபோல, சேலைத்தலைப்பால் மெல்லத் துடைத்தார்.