உலகத்திலேயே ஒன்றே ஒன்றான மூன்று புடவைகள்

எனக்குத் தறியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது, நெசவுக்காரர்களுக்கு வியாபாரம் சொல்லிக்கொடுக்கப் போய் நாலு மாதம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. அதற்கு முன்பு சென்னையில் சோப்பு, ஷாம்பு விளம்பரத்தில் வேலை பார்த்தேன். கல்யாணமாகி காஞ்சிபுரம் செவிலிமேட்டுக்கு வந்ததும், புதிதாகத் தொழில் தொடங்குகிற சின்ன வயதுக்காரர்களுக்கு வழிகாட்ட ஆள் வேண்டும் என்று ஒரு பயிற்சி மையத்தில் கேட்டார்கள். வழிகாட்டுவது என்றால் எனக்குச் சொல்லவா வேண்டும்? கேஸ் சிலிண்டர் மாட்ட வருகிறவருக்கே வழிகாட்டுகிறவள் நான்.

என் வகுப்புக்கு வந்தவர்களில் ஒருத்தி பிள்ளையார்பாளையத்துப் பெண். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். ஒரு ஜவுளிக்கடையில் கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போட்டுக்கொண்டிருந்தவள், என் டிசைனை நானே விற்கிறேன் என்று வேலையை விட்டுவிட்டாள். நெய்கிறவன் அவள் புருஷன். அவனும் முதலாளியிடம் கூலிக்கு நெய்வதை நிறுத்திவிட்டு வீட்டுத் தறியில் உட்கார்ந்தான். ஆனால் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டான்.

"மொத பாவு வித்துச்சுன்னா நம்ம தறி. விக்கலன்னா நான் கூலித்தறிக்குப் போறேன், நீ கடைக்குப் போ. அப்புறம் டிசைனு கிசைனுன்னு பேசக்கூடாது."

பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூல் என்ற அளவுக்கு எனக்கும் தெரியும். அதற்கு மேல் கேட்டுத் தெரிந்துகொள்ள கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

முதல் புடவையைப் போனில் படம் எடுத்துக் காட்டினாள். மாம்பழ மஞ்சள் உடம்பு, அரக்கு பார்டர், முந்தானையில் ஏரியில் இறங்குகிற கொக்குக் கூட்டம். அடடா, எனக்கே ஆசை வந்துவிட்டது. "உலகத்திலேயே இது ஒன்றே ஒன்று, உங்களுக்கு மட்டும்" என்று படத்துக்கு மேலே எழுதி வாட்ஸ்அப்பில் போடச் சொன்னேன். "அக்கா, ஒண்ணே ஒண்ணுன்னா..." என்று இழுத்தாள். "எழுதுன்னா எழுதும்மா! எதிர்க்கேள்வி கேட்டுக்கிட்டிருந்தா வியாபாரம் பண்ண முடியுமா?" என்று ஒரு அதட்டல் போட்டேன். எழுதினாள். அன்று சாயந்திரத்துக்குள் விற்றுவிட்டது. மறுநாள் வகுப்பில் நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

சில வாரம் கழித்து, "அக்கா, இன்னொண்ணு ரெடி. இதுக்கு என்ன எழுதறது?" என்று போன் செய்தாள். நான் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தேன். "அதையேதான் எழுது" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அதுவும் விற்றது. மூன்றாவது, அதே வாசகத்தோடு, நெய்வதற்கு முன்பே புக் ஆகிவிட்டது. சரி, என் சாதனையை நேரில் பார்த்து நாலு படம் எடுத்துக்கொண்டு வரலாம் என்று ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போனேன். நாலு மாதத்தில் ஒரு தறியை நான் கிட்டே போய்ப் பார்த்தது அன்றைக்குத்தான்.

தறியில் அதே மாம்பழ மஞ்சள் நூல் நீண்டிருந்தது. மூன்றாவதை இன்னும் தொடங்காமல், அவள் புருஷன் நூலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

"மறுபடியும் அதே கலரா?" என்றேன்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஒரு பாவுக்கு மூணு பொடவக்கா. மூணும் ஒரே கலர்ல தான் வரும். குறுக்க ஓட்டற ஊடை நூல மாத்தினா கலர் கொஞ்சம் மாறும். மொத பொடவ உடனே வித்துச்சேன்னு அத மாத்தாம அப்படியே போட்டேன். உங்களுக்குத் தெரியாதா?"

காஞ்சிபுரத்தில் கைக்குழந்தைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. வெட்கத்தை மறைக்க அவள்மேல் பாய்ந்தேன். "ஒண்ணே ஒண்ணுன்னு மூணு தடவையா எழுதின? ஏன்மா சொல்லல?"

"சரக்கு தீரும்வரை மட்டும்னு வருஷம் பூரா போர்டு மாட்டிக்கினு இருக்கறாங்களே, அது மாதிரின்னு நெனச்சிக்கினேன். நீங்க படிச்சவங்க, சொன்னா காரணம் இருக்கும்னு..."

சரி போகட்டும், வாங்கின மூன்று பேரும் மூன்று ஊரில் இருப்பார்கள், யார் யாரைப் பார்க்கப்போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கேட்டேன். முதல் புடவை தாமலில் ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்கு. இரண்டாவது திருப்புட்குழி. மூன்றாவது திருப்புட்குழி அம்மாவின் மகளுக்கு. "தாமல் அம்மாதான் அவங்களுக்கு என் நம்பரக் குடுத்தாங்க. சம்பந்தியாம்" என்றாள்.

"எந்தச் சம்பந்தி?"

"மாப்பிள்ளைக்கு அம்மாக்கா. மூணு வாரத்துல கல்யாணம்."

அப்படியே தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவனும் கையை நிறுத்திவிட்டு, "ரெண்டும் திரும்பி வந்துச்சுன்னா நான் நாளைக்கே முதலாளியப் போய்ப் பார்க்கணும்" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்போதும் எனக்கு புத்தி வந்ததா? ஜரிகையில் கோளாறு என்று பொய் சொல்லி ஒரு புடவையை வாங்கிவந்துவிடலாம் என்று யோசனை சொன்னேன். "எங்க ஜரிகையில கோளாறுன்னு எங்க வாயாலயே சொல்றதா?" என்று அவள் புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு கிளம்பினாள். தனியாக அனுப்ப மனம் வராமல் நானும் கூடவே பஸ் ஏறினேன்.

தாமலில் ஏரிக்கரைப் பக்கம் மூன்று மாடி வீடு. அந்த அம்மா காபி கொடுத்து உட்காரவைத்தார். இவள் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவ்வளவுதான், வீடு அதிர்ந்தது.

"பந்தல்ல ரெண்டு சம்பந்தியும் பேண்டு செட்டுக்காரங்க மாதிரி ஒரே யூனிபாரத்துல நிக்கணுமா? ஒண்ணே ஒண்ணுன்னு எழுதினது யாரு? அத மொதல்ல சொல்லு!"

நான் காபி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்தான் என்று சொல்ல எத்தனை நேரம் பிடிக்கும்? வாய் வரவில்லை.

"நான்தாம்மா எழுதினேன். தப்புதான். பொடவயத் திருப்பிக் குடுத்துடுங்க, வாங்கிக்கறேன்" என்றாள் அவள்.

அந்த அம்மா விறுவிறுவென்று போய்ப் புடவையை எடுத்துவந்தார். கொடுக்கத்தான் வந்தார். ஆனால் முந்தானையை ஒரு முறை விரித்துப் பார்த்தார். கொக்குகளைத் தடவினார். அப்புறம் தோளில் போட்டுக்கொண்டார்.

"இத நான் ஏன் குடுக்கணும்? அவங்க குடுக்கட்டும்."

"அவங்களும் இதையேதான்மா சொல்லுவாங்க."

அந்த அம்மா போனை எடுத்தார். சற்றுமுன் கூரை பிய்ந்து போகக் கத்தின அதே தொண்டையில் தேன் வழிந்தது. "அண்ணி, சாப்ட்டீங்களா?" என்று ஆரம்பித்து, பெண்ணைப் பெற்றவள் முகூர்த்தத்துக்குக் கட்டுவது, மாப்பிள்ளையைப் பெற்றவள் ரிசப்ஷனுக்குக் கட்டுவது என்று அரைமணி நேரத்தில் ஒப்பந்தம் முடிந்தது. போனை வைத்ததும் தேன் நின்றுவிட்டது.

"அந்த மூணாவது அவங்க பொண்ணுக்கா? அதுக்கு மட்டும் ஊடைய மாத்திடு. நாத்தனாரும் அதையே கட்டிக்கினு நின்னா என்னால தாங்க முடியாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "என் பொண்ணு வளைகாப்புக்கு ஒரு பாவு போடு. மூணும் எனக்கே. வெளியில ஒரு நூலு போவக்கூடாது."

பெண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது என்னால் அடக்க முடியவில்லை. "ஏம்மா என்னைச் சொல்லல? நான்தானே எழுதச் சொன்னேன்."

"வியாபாரம் என்னுதுக்கா. அப்ப தப்பும் என்னுதுதான?" என்றாள், பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே.

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவள் புருஷன் போனில் வந்துவிட்டான். கூலித்தறிக்குப் போகணுமா வேண்டாமா, அதைச் சொல்லு முதலில் என்று அவன் கத்தியது எனக்கே கேட்டது.

"போவ வாணாம். அடுத்த பாவுக்கு நூலு சொல்லிடு" என்றாள் அவள். பிறகு அவன் பயந்த குரலில் ஏதோ கேட்டான். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"ஆமா, அக்கா கூடத்தான் இருக்கறாங்க. பயப்படாத, இன்னிக்கு அவங்க வாயே தொறக்கல."