உண்மைச் சம்பவம் என்று போட்டுக்கொள்ளலாம்

அவன் இன்றைக்கும் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் "மாப்ள" என்றுதான் கூப்பிடுகிறான். நானும் ஒரு சிரிப்பைச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன். வீட்டுக்கு வந்து அரைமணி நேரம் யாரிடமாவது எரிந்து விழுந்தால்தான் அந்தச் சிரிப்பு முகத்தை விட்டுப் போகும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் அருப்புக்கோட்டையில் ஒரே கல்லூரியில் படித்தோம். அவன் அப்பாவுக்கு பஜாரில் பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கடை. என் அப்பா ஜின்னிங் ஃபேக்டரியில் லோடு ஏற்றுகிறவர். ஆனால் அந்த வித்தியாசத்தை அவன் ஒருநாளும் காட்டியதில்லை. எங்கள் வீட்டில் வந்து தட்டைப் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவான். அம்மாவை "அம்மா" என்றே கூப்பிடுவான். இதையெல்லாம் அவனுக்காகச் சொல்லவில்லை. நான் ஏன் நம்பினேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

கல்லூரி ஆண்டு விழாவில் ஆடலும் பாடலும் அலுத்துப்போய், அந்த வருஷம் டி.வி. வைத்து ஏதாவது போட்டுக் காட்டலாம் என்று எங்கள் கூட்டத்துக்குத் தோன்றியது. படம் எடுக்க எங்களுக்கு வக்கில்லை. அப்போதுதான் ஒருவன், படம் எதற்கு, டிரெய்லர் மட்டும் எடுப்போம் என்றான். இல்லாத படத்துக்கு ஒரு டிரெய்லர். அதுவும் பேய்ப்படம். எல்லாருக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அம்மாவிடம் போய், டிரெய்லர் வேலை இருக்கிறது, வர நேரமாகும் என்றேன். எங்கள் பக்கத்தில் டிரெய்லர் என்றால் டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற வண்டிதான். படிக்கிற பையனை யார் லோடு ஏற்றக் கூப்பிடுகிறார்கள் என்று அம்மா கோபித்துக்கொண்டாள். நான் விளக்கவில்லை.

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் தினமும் கூடிப் பேசினோம். கல்யாண வீடியோ எடுக்கிற அண்ணன் ஒருவர் முகூர்த்தம் இல்லாத ஒரு பகலுக்குக் கேமரா தருவதாகச் சொன்னார். லைட்டு தரமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அங்கேதான் சிக்கல் வந்தது. லைட்டு இல்லையென்றால் பகலில் எடுக்க வேண்டும். பகலில் எப்படிப் பேய் வரும்? வெள்ளைச் சேலை, முகத்துக்குப் பவுடர், கருவேலங்காட்டில் கரிமூட்டப் புகை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். வெயிலில் பவுடர் பூசிக்கொண்டு நின்றால் பேய் மாதிரி இருக்காது, கல்யாண மாப்பிள்ளை மாதிரிதான் இருக்கும் என்று நானே கிண்டல் செய்தேன். பகலில் பயமுறுத்துகிற ஒரு கதை கிடைத்தால் போதும், மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற இடத்தில் பேச்சு நின்றது.

இங்கே என் அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் முன்னே திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தோம். நான் சின்ன வகுப்புப் படிக்கும்போது, ஒரு நடுமத்தியானத்தில், எங்கள் ஆட்டுக்குட்டி தோட்டத்துக் கிணற்றில் விழுந்துவிட்டது. அக்கா படிக்கல்லைப் பிடித்து இறங்கிக் குட்டியைத் தூக்கிவிட்டாள். ஒரு கையில் குட்டியை வைத்துக்கொண்டு ஏற முடியவில்லை. மேலே காலடிச் சத்தம் கேட்டதும், "ஆரு போறது? இந்தக் குட்டியக் கொஞ்சம் பிடிங்களேன்" என்று கூப்பிட்டிருக்கிறாள். போனது என் பெரியம்மா. தலையில் விறகுச் சுமை. இறக்கி வைத்துவிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டுப் போய், திரும்பி வந்து பார்த்தபோது குட்டி மட்டும் படிக்கல்லில் நின்று கத்திக்கொண்டிருந்தது.

கல்யாண வயதுப் பெண் கிணற்றில் செத்தால் ஊர் சும்மா இருக்குமா? முதலில் காதல் என்றார்கள். பிறகு உச்சிவெயிலில் அவளைப் பார்த்ததாகச் சொன்னார்கள். யாரோ ஒரு கோடாங்கியைக் கூட்டி வந்து எங்கள் வாசலில் உடுக்கடிக்க வைத்தார்கள். அம்மா விளக்குமாற்றோடு வெளியே வந்தாள். "எம்மக ஆட்டுக்குட்டியத் தூக்கப் போயிச் செத்தா. பேயா அலையுறதுக்கு அவளுக்கு என்ன கொறை வச்சேன்?" என்று கேட்டு அந்த ஆளை விரட்டினாள். அந்த மாதமே ஊரைக் காலி செய்து அருப்புக்கோட்டைக்கு வந்துவிட்டோம். அக்காவைப் பேய் என்று ஒரு வாய் சொல்லக்கூடாது. அம்மா உயிரோடு இருப்பதே அதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றும். அக்கா கடைசியாகச் சொன்னதைப் பெரியம்மா எங்களிடம் மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு அதே ஏக்கத்தில் போய்ச் சேர்ந்தாள். அந்த வார்த்தை எங்கள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை.

அதை நான் ஒரே ஒருவனிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, சுவரில் இருந்த அக்கா படத்தைப் பார்த்து, இவுக யாரு என்று அவன் கேட்டான். கண்மாய்க்கரையில் உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன். அவன் அழுதான். நான் அழுததைவிட அதிகமாக அழுதான்.

மறுபடி வேப்பமரத்தடிக்கு வருகிறேன். பேச்சு நின்றுபோனதற்கு அடுத்த நாள் எல்லாரும் உட்கார்ந்ததும் அவன் எழுந்து, கதை கிடைத்துவிட்டது என்றான். பாழுங்கிணறு. உச்சிவெயில். ஒருத்தன் தனியாகப் போகிறான். கிணற்றுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல். அந்தக் குரல் சொல்வதாக அவன் சொன்னது அக்காவின் கடைசி வார்த்தை. ஒரு எழுத்து மாறாமல் சொன்னான். போகிறவன் குனிந்து கையை நீட்டுவானாம். குட்டி இருக்காதாம். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை வந்து அவன் மணிக்கட்டைப் பிடிக்குமாம். அத்தோடு திரை கறுப்பாகிவிடும்.

கூட்டமே விசிலடித்தது. எங்கேடா பிடித்தாய் என்று கேட்டார்கள். "நம்ம பக்கம் நடந்ததுதான். உண்மைச் சம்பவம்னு போட்டுக்கிடலாம்" என்றான். என் பக்கம் மட்டும் அவன் திரும்பவில்லை.

நான் என்ன செய்ய முடியும்? அது என் அக்கா என்று சொன்னால்தான் நிறுத்த முடியும். அதைச் சொல்லக்கூடாது என்பதற்காகத்தான் நாங்கள் ஊரையே விட்டு வந்தோம். அது தெரிந்துதான் அவன் அத்தனை தைரியமாகப் பேசினான் என்று இன்றும் நினைக்கிறேன். இதற்கு மேலும் ஒன்று செய்தான். பெண் குரலுக்கு யார் என்று பேச்சு வந்தபோது, நான் நன்றாகக் குரல் மாற்றிப் பேசுவேன் என்று என்னைக் கைகாட்டினான். தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். சரி, நானே பேசுகிறேன் என்று கீச்சுக்குரலில் அவன் அதைப் பேசிக் காட்ட, எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவனும் சிரித்தான். கண்மாய்க்கரையில் அழுத அதே முகம்தான்.

கூட்டம் கலைந்ததும் அவனைப் பிடித்து நிறுத்தினேன். இதை விட்டுவிடு என்று கெஞ்சினேன், திட்டவில்லை.

"உம் பேரச் சொன்னேனா, ஊரச் சொன்னேனா? நீயா சொன்னாத்தான மாப்ள தெரியும்?" என்றான். "இத விட நல்ல கதை நமக்குச் சிக்காது."

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதற்குக் கத்தி தேவையில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். அவன் என் தோளில் கை போட்டபடியே செய்தான்.

நாங்கள் கேட்டிருந்த பகலில் வீடியோ அண்ணனுக்கு ஒரு வளைகாப்பு எடுக்கிற வேலை வந்துவிட்டது. பிறகு தேர்வு. டிரெய்லர் எடுக்கப்படவே இல்லை. தப்பித்தோம் என்று நான் சந்தோஷப்பட்டேன், மடையன். அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள் தினமும் ஆளுக்கொரு பஸ்ஸில் ஊருக்குப் போகிறவர்கள். எம்.ரெட்டியபட்டிப் பக்கம் போகிறவன் அந்தப் பஸ்ஸில் கதையைச் சொன்னான், திருச்சுழிப் பக்கம் போகிறவன் அந்தப் பஸ்ஸில் சொன்னான். படமாக எடுத்திருந்தால் எங்கள் கல்லூரியோடு போயிருக்கும். ஒவ்வொரு ஊரிலும் அவரவர் தெரிந்த பாழுங்கிணற்றில் அந்தக் குரலை இறக்கினார்கள். எங்கள் பழைய ஊருக்கு அது போனபோது கிணற்றைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அக்கா விழுந்த கிணறு அங்கேயே இருந்தது.

அடுத்த கோடையில் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி ஆஸ்பத்திரிக்கு வந்தவள் எங்கள் வீட்டுக்கும் வந்து அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நான் கல்லூரியிலிருந்து வந்தபோது அம்மா அடுப்புக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். உலை வைக்கவில்லை. அவள் விளக்குமாற்றை எடுப்பாள், அந்தப் பெண்ணின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அக்கா கெணத்துக்குள்ள இருந்து கூப்புடுறாளாம்" என்றாள். "ஆடு மேய்க்கப் போறவுக எல்லாருக்கும் கேக்குதாம்."

சும்மா கதை கட்டுகிறார்கள் என்றேன்.

"கதையா இருந்தா, குட்டியப் பிடிக்கச் சொன்னது அவுகளுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பேச்சு நம்ம மூணு பேரத் தவிர ஆருக்குத் தெரியும்? அவளே சொன்னாத்தான உண்டு."

நான் சொன்னது, நான் ஒருவனை நம்பிச் சொன்னது என்று வாய் வரை வந்தது. அம்மா முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. கோடாங்கியை விரட்டியவள் அவள். அவளுக்கு இப்போது தன் மகள் பேயாக இருந்தால்கூடப் போதும் என்று ஆகிவிட்டது. அதையும் நான் பிடுங்க வேண்டுமா?

"ஊருல உள்ளவுகளுக்கெல்லாம் கேக்குது, பெத்தவளுக்குக் கேக்காமலா போயிரும்?" என்று சொல்லிக்கொண்டே எழுந்து சேலையை உதறிக் கட்டினாள். உச்சிவெயிலுக்குள் போய்ச் சேர்கிற மாதிரி நாளைக்குத் திருச்சுழிக்கு எந்த பஸ்ஸு இருக்கிறது என்று என்னிடம் கேட்டாள்.