பொங்கல் வரிசையில் வந்த மாத்திரைகள்

நான் இருக்கும் அமெரிக்க ஊரில், மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் பெண் ஒருநாள் என் பக்கமாகக் குனிந்து, குரலைத் தாழ்த்தி, இன்சூரன்ஸ் அட்டையைக் காட்டாமல் வாங்கினால் சர்க்கரை மாத்திரை மலிவு என்றாள். எனக்குத் திக்கென்றது. காப்பீடு இருப்பவளுக்கு ஒரு விலை, இல்லாதவளுக்கு அதைவிடக் குறைந்த விலை என்று எங்காவது உண்டா? திருட்டுச் சரக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்று நினைத்து, "நோ, நோ, எனக்கு பில் வேண்டும், முறையாகவே வாங்குகிறேன்" என்று என் ஆங்கிலத்தில் விறைப்பாகச் சொன்னேன். இவளுக்குப் பணம் ஒரு பொருட்டில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்திருக்க வேண்டும். முழு விலையையும் போட்டாள். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். அது கூப்பன் விலையாம். கேட்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கிடைக்குமாம்.

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு கட்டுக் கீரைக்கு நாம் எவ்வளவு பேரம் பேசுவோம் என்று உங்களுக்குத் தெரியும். அதே நாம் மெடிக்கல் ஷாப்பில் வாயைத் திறக்க மாட்டோம். சீட்டை நீட்டி, "ரெண்டு நாளைக்குக் குடுங்க" என்போம். கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்கி, நாலு மாத்திரையைக் காகித உறையில் போட்டுத் தருவார். இங்கே எல்லாம் தலைகீழ். கீரைக்கு ஒட்டிய விலை ஒட்டியதுதான், மருந்துக்குத்தான் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். ஒரே தெருவில் எதிரெதிரே இருக்கும் இரண்டு கடைகளில் ஒரே மாத்திரைக்கு இரண்டு விலை. இதைப் பழகிக்கொள்ள எனக்கு வெகுகாலம் ஆயிற்று. பழகிய பிறகும் அவமானமாகத்தான் இருக்கிறது.

போன வருடத் தொடக்கத்தில் கணவருக்கு வேலை போய், வேறு கம்பெனியில் சேர்ந்தார். புதுக் கம்பெனியின் காப்பீட்டில் டிடக்டிபிள் என்று ஒன்று உண்டு. முதலில் ஒரு பெரிய தொகை நம் கையிலிருந்து செலவாக வேண்டும், அதற்குப் பிறகுதான் அவர்கள் கொடுப்பார்கள். ஜனவரி பிறந்தால் அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து. நான் சாப்பிடும் இரண்டு மாத்திரைகளில் பழையது மலிவு. புதிதாக எழுதிக்கொடுத்ததுதான் குரல்வளையைப் பிடித்தது. மாத்திரையை இரண்டாக நறுக்க இங்கே ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா விற்கிறார்கள், உள்ளே பிளேடு இருக்கும். ஒன்று வாங்கினேன். டாக்டர் எழுதியது முழு மாத்திரை, நான் போட்டுக்கொண்டது பாதி. இதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அண்ணனிடம் மட்டும் பேச்சுவாக்கில் உளறிவிட்டேன்.

அண்ணன் ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் கட்டிங் செக்ஷனில் தோல் வெட்டுகிறவர். எனக்கு முன்பே அவருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. எங்கள் அப்பா விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான் என்று சிரிப்பார். கம்பெனி அட்டையைக் காட்டினால் தொழிலாளர் ஆஸ்பத்திரியில் அவருக்கு மாத்திரை இலவசம். எனக்கு எழுதிய அதே இரண்டு மாத்திரைகள்தான் அவருக்கும். நான் சொன்னதைக் கேட்டதும் போனிலேயே அதட்டினார்.

"பாதியா போட்டா இன்னாத்துக்கு ஆவும்? நான் வாங்கி அனுப்பறேன்."

"காசு போட்டு விடறேன்ணா."

"இன்னா பேசற நீ? தை மாசம். உனுக்கு வரிசை வெச்சு எத்தினி வருஷமாச்சு? இத்த வரிசைன்னு வெச்சுக்கோ."

கல்யாணமாகிப் போன தங்கைக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் அரிசி, வெல்லம், கரும்பு, புடவை என்று பிறந்த வீட்டிலிருந்து போக வேண்டும். நான் விமானம் ஏறியதிலிருந்து அவரால் அதைச் செய்ய முடியவில்லை. அது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. வரிசைக்குக் காசு கொடுக்கிறேன் என்று நான் சொன்னது அவரை அடித்ததற்குச் சமம். நானும் வாயை மூடிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாகவும் இருந்தது.

இங்கே இருக்கும் குடியாத்தத்துக்காரர் ஒருவர் ஊருக்குப் போய்த் திரும்பியபோது முதல் பொட்டலம் வந்தது. மஞ்சள் பைக்குள் மாத்திரை அட்டைகள், மேலே ஒரு மஞ்சள் கொத்து, வெற்றிலைக்குப் பதிலாக ஒரு வெள்ளிக்காசு. நான் அழுதுவிட்டேன். அட்டைகளின் ஒரு ஓரம் நேராக நறுக்கப்பட்டிருந்தது. நம்மூர் கடைக்காரர் கத்தரிக்கோல் என்று நினைத்தேன். மெடிக்கல் ஷாப்பில் யாராவது இவ்வளவு நேராக நறுக்குவார்களா என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று பொட்டலம் வந்தது. மூன்றாவதில், ஒரே ஓர் அட்டை நறுக்கப்படாமல் இருந்தது. அதன் ஓரத்தில் ஊதா மையில் முத்திரை: விற்பனைக்கு அல்ல.

அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றது நினைவிருக்கிறது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அண்ணன் எனக்கு எதையும் வாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் தனக்குக் கொடுத்ததை, முத்திரையை நறுக்கி எடுத்துவிட்டு, எனக்கு அனுப்பியிருக்கிறார். உடனே அண்ணிக்குப் போன் செய்தேன். முதலில் மழுப்பினார். பிறகு உடைந்துவிட்டார்.

"ஆர்டர் இல்லன்னு வாரத்துல மூணு நாளுதாம்மா வேலை. ஓவர்டைம்லாம் எப்பவோ நின்னுபோச்சு. கையில ஏது காசு? ஒன்னு விட்டு ஒரு நாள் போட்டுக்கறாரு. உங்க கிட்ட சொன்னா என்னை வெச்சு வாழ மாட்டேன்னுட்டாரு."

ஆர்டர் ஏன் இல்லை என்று நான் கேட்கவில்லை. அவர்கள் தைக்கும் ஷூ எங்கே விற்கிறது என்று எனக்குத் தெரியும். நான் இருக்கும் இந்த நாட்டில்தான்.

அதற்குப் பிறகு அண்ணி சொன்னதுதான் தாங்கவில்லை. அதற்கு முந்தைய மாதம் தோல் வெட்டும் இரும்பு அச்சு ஒன்று அவர் கால்மேல் விழுந்திருக்கிறது. வலிக்கவில்லையாம். சர்க்கரை கூடி, கால் மரத்துப்போய்க் கிடந்திருக்கிறது. சாயந்திரம் செருப்பைக் கழற்றும்போது ரத்தத்தைப் பார்த்து, மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு, மறுநாள் வேலைக்குப் போயிருக்கிறார். கறுத்த பிறகுதான் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். எனக்குத் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.

"இன்னாத்துக்கு அழுவுற? ரெண்டு வெரலுதானே," என்றார் அண்ணன், பிறகு நான் அவரையே போனில் கூப்பிட்டபோது. "ஷூ போட்டா யாருக்குத் தெரியப்போவுது."

அவர் விரல்களை நான்தான் தின்றுவிட்டேன். காலையில் ஒன்று, வெந்நீரோடு. இதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நாள் முழுக்க நிற்க முடியாதவருக்குக் கட்டிங் செக்ஷனில் இடமில்லை. வேலை போன பிறகு கம்பெனி அட்டையும் போனது. இப்போது அவரும் பஸ் ஸ்டாண்ட் மெடிக்கல் ஷாப்பில் இரண்டு நாளைக்கு நறுக்கித்தான் வாங்குகிறார். அண்ணி கையில் நான் மாதாமாதம் காசு சேர்க்கிறேன், அவருக்குத் தெரியாமல். அவர் அனுப்பியதில் மிச்சமிருக்கும் அட்டைகளை என்னால் தின்னவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை. மஞ்சள் பையோடு சாமி அலமாரியில் இருக்கின்றன.

மறுபடி ஜனவரி வந்துவிட்டது. டிடக்டிபிள் மறுபடி முதலிலிருந்து. எனக்குக் காலை, அவருக்குச் சாயந்திரம் ஆகும் நேரத்தில் தினமும் வீடியோவில் கூப்பிடுகிறேன். மாத்திரையை இரண்டு விரலில் பிடித்துத் திரைக்கு நேராகக் காட்டுகிறார். சொம்பை எடுக்கத் திரும்புகிறார். திரும்பி வரும்போது கையில் மாத்திரை இல்லை.

"வாயத் தொறண்ணா."

"இன்னா நான் கொழந்தையா," என்று சிரித்தபடி திறக்கிறார். உள்ளே ஒன்றும் இல்லை. சட்டைப் பையைக் காட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"சரி, நீ போட்டுட்டியா? அங்க இப்ப இன்சூரன்ஸ்ல எல்லாம் வந்துடுதா?"

"வந்துடுதுண்ணா."

"காட்டு, பாப்போம்."

நானும் இரண்டு விரலில் பிடித்துத் திரைக்கு நேராகக் காட்டுகிறேன். பிளேடு நறுக்கிய பக்கம் கட்டைவிரலுக்குள் இருக்கிறது.