ஆட்டை முதலில் ஏற்றினாள்

கடலில் தப்பியவன் தாகத்தில் சாவதா என்று நான் குழந்தைபோல் அழுதேன். சகோதரங்களே, அந்த வெறும் மணல்தீவில் எனக்குக் கிடைத்த உதவியை நீங்களும் கேளுங்கள்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷம், நாங்கள் நோன்பிருக்கும் தபசு காலம். குருநகரிலிருந்து தனியே மீனுக்குப் போன என் வள்ளம் கடுங்காற்றில் கவிழ்ந்தது. முறிந்த பாய்மரத்தைக் கட்டிப்பிடித்து மிதந்து, ஆளில்லாத தீவொன்றில் ஒதுங்கினேன். அங்கே கிடுகு வேய்ந்த ஒரு சின்ன அந்தோனியார் கோவில், தாழம்பற்றை, கொஞ்ச ஆடுகள். வேண்டுதல் பலித்தால் எங்கள் சனம் ஓர் ஆட்டின் காதில் வெட்டு அடையாளமிட்டு அங்கே கொண்டுபோய் விடுவார்கள். பிறகு அது அந்தோனியார் சொத்து. அந்தக் கோவில் பெருநாளுக்கு மட்டுந்தான் ஆட்கள் போவார்கள். அதற்கோ இன்னும் மாதங்கள் கிடந்தன.

மறுநாள் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டது. கோவில் வாசலில் விழுந்து, "ஒரு வள்ளம் அனுப்பும் அந்தோனியாரே!" என்று மன்றாடினேன். திரும்பினால், ஒரு பெட்டையாடு என் இடுப்புச் சாரத்தின் தலைப்பைச் சப்பிக்கொண்டு நிற்கிறது. எனக்கு வந்ததே கோபம்!

"வள்ளம் கேட்டால் ஆடோ அனுப்புறீர்?"

மடியில் கத்தி இருந்தது. பசி கண்ணை மறைத்தது. ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. தபசு வெள்ளியில் இறைச்சி ஆகாது. ஆட்டின் காதோ வெட்டுக்காது. திருச்சபையையும் அந்தோனியாரையும் ஒரே நாளில் பகைக்க எனக்குத் துணிவில்லை. கத்தியை மடக்கினேன்.

அப்போதுதான் புத்தி வந்தது. இது எதைக் குடித்து இப்படிக் கொழுத்திருக்கிறது? தள்ளாடித் தள்ளாடி அதன் பின்னால் போனேன். தாழம்பற்றைக்குள் ஒரு குழியில் அது வாய் வைத்தது. நானும் பக்கத்தில் குப்புற விழுந்து வாய் வைத்தேன். நல்ல தண்ணீர்! அழுதேனோ சிரித்தேனோ தெரியாது.

பிறகு பாலும் கிடைத்தது. அதன் குட்டிக்கு ஒரு காம்பு, எனக்கு ஒரு காம்பு. குட்டிக்கு இந்தப் பங்கீடு கொஞ்சமும் பிடிக்கவில்லை. நெற்றியால் முட்டி முட்டித் தள்ளியது.

சில நாட்களில் கடலில் ஒரு வள்ளத்தின் பாய் தெரிந்தது. வந்தவர் என் மனைவி திரேசம்மாவின் அண்ணன். ஓர் ஆட்டைக் கயிற்றில் பிடித்தபடி இறங்கியவர், என்னைக் கண்டதும் கயிற்றை விட்டுவிட்டார்.

"மச்சான்! உயிரோடையோ இருக்கிறாய்? உன்ரை வள்ளம் கவிண்டு கிடந்ததைக் கண்டு, ஊரே உன்ரை ஆத்துமாவுக்குச் செபம் சொல்லுது!"

"அப்ப இந்த ஆடு ஆருக்கு?"

"நீ திரும்பி வரவேணுமெண்டு தங்கச்சி அந்தோனியாருக்கு நேர்ந்தது."

"நான் இன்னும் வரேல்லையே!"

"அதைத்தான் நானும் சொன்னனான். அவள் கேட்டால்தானே!"

வீட்டில் திரேசம்மா என் தலையைத் தடவித் தடவி அழுதாள். ஆட்டைப் பற்றிக் கேட்டேன். "தருவார் எண்டு தெரிஞ்ச பிறகு ஏன் சுணங்கவேணும்?" என்றாள், சாதாரணமாக.

நாமெல்லாம் கேட்டது கிடைத்த பிறகுதான் நேர்த்தியைத் தீர்ப்போம். அவளும் அப்படிக் காத்திருந்தால் பெருநாள் வரை அந்தப் பக்கம் ஒரு வள்ளமும் வந்திராது. நான் இன்றுவரை ஆட்டிறைச்சி தொடுவதில்லை. கூட்டாளிகள் சிரிக்கட்டும். முதலில் நன்றி சொல்லிவிட்டுத்தான் எதையும் கேட்கிறேன். உங்களுக்கும் ஒரு துன்பம் இருக்கும். கேளுங்கள். கேட்ட கையோடு ஆட்டை வள்ளத்தில் ஏற்றுங்கள்.