மச்சாள் எழும்பிய ஒரு நிமிடம்

எங்கள் வீடு கொழும்பு மட்டக்குளியில். களனி கங்கை கடலில் சேரும் இடத்துக்கு நடந்தே போகலாம். ஆனால் அந்த ஆற்றை நாங்கள் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. போன வருடம் என் கணவருக்குத் திடீரென்று ஓர் ஆசை. மூன்று மணித்தியாலம் வேனில் கித்துல்கலைக்குப் போய், அதே ஆற்றின் கரையில் கூடாரம் அடித்துத் தங்க வேண்டுமாம். அவருடைய அக்காவும் கூட வந்தார். எனக்கு மச்சாள்.

கூடாரத்தை நிமிர்த்திய பிறகுதான், அதை நிலத்தோடு பிடித்து வைக்கும் கம்பிகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. அந்த இடத்தைப் பராமரிக்கும் சிங்களவர் வந்து பார்த்து, என் கணவரிடம் மரியாதையாகச் சொன்னார்.

"காத்து வரும் மாத்தயா. உள்ளுக்கு பாரம் வைங்க."

நாங்கள் கல் தேடப் போனோம். மச்சாள் செருப்பைக் கழற்றினார்.

"கல்லு என்னத்துக்கு? நான் இருக்கிறன்."

உள்ளே போய் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார். கூடாரம் அசையவில்லை. பகல் சாப்பாட்டை உள்ளே நீட்டினோம். ஆற்றில் குளிக்கக் கூப்பிட்டேன்.

"எனக்கு வர ஏலாது. காத்து அடிக்குதெல்லே."

அவர் குரலில் இப்படியொரு பொறுப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

நாலு மணிபோல, வெள்ளைக்காரர்கள் நிறைந்த ரப்பர் படகொன்று கூச்சலோடு ஆற்றில் வந்தது. மச்சாளால் பொறுக்க முடியவில்லை. வெளியே வந்து கை காட்டினார். கூடாரம் ஒருமுறை உப்பியது, கரையில் உருண்டது, தண்ணீரில் இறங்கிப் படகின் பின்னாலேயே போனது. படகில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

"பாத்தியளா? ஒரு நிமிசம்தான் எழும்பினனான்!" என்றார் மச்சாள், வெற்றியோடு.

என் கணவர் கொஞ்சமும் பதறவில்லை. "ஆறு எங்கட பக்கம்தானே போகுது" என்று சொல்லி, முகத்துவாரத்தில் மீன் பிடிக்கும் தன் நண்பருக்கு அங்கிருந்தே போன் எடுத்தார்.

"மச்சான், ஒரு டென்ட் வரும். பாத்து எடுத்து வை."

அன்று பின்னேரமே வீடு திரும்பினோம். நாலாம் நாள் நண்பர் கூப்பிட்டார். "வந்திட்டுது!"

போய்ப் பார்த்தால், மணலில் ஒரு பச்சைக் கூடாரம் காய்ந்துகொண்டிருந்தது. எங்களுடையது செம்மஞ்சள் நிறம்.

"இது எங்கட டென்ட் இல்லை அண்ணை" என்றேன்.

நண்பரின் முகம் விழுந்துவிட்டது. மூன்று நாள் விடியற்காலையில் படகில் காத்திருந்திருக்கிறார். "டென்ட் எண்டுதானே சொன்னீங்க? ஆத்தில எத்தினை டென்ட் வரும்?"

யாரோ தவறவிட்ட பொருள் அல்லவா என்று, என் கணவர் அந்தப் பராமரிப்பாளருக்குப் போன் எடுத்து, பச்சைக் கூடாரம் தொலைத்தவர்கள் யாராவது உண்டா என்று ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார்.

அவர் யோசித்தார். "பச்சை இல்ல மாத்தயா. நேத்து போனது நீலம்."

நண்பர் எழுந்துபோய்ப் படகைத் தள்ளத் தொடங்கினார்.