பலகையை வைத்துவிட்டு விலகி நின்றோம்

போன மழைக்காலத்தில் ஒரு காலை. குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் நான் பாதுகாப்பு அதிகாரியாக வேலை பார்க்கும் தொழிற்சாலையில், புது மெஷினுக்காக ஆளுயரக் குழி வெட்டியிருந்தார்கள். கான்கிரீட் லாரி வந்து நின்றுவிட்டது. ஊற்றப் போகும் நேரத்தில் குழிக்குள் முனகல் கேட்டது.

எட்டிப் பார்த்தால், பூனை அளவில் ஒரு குட்டி. வெள்ளை முதுகு, கறுப்பு வயிறு. ஏற முடியாமல் சேற்றில் வழுக்கிக்கொண்டிருந்தது. என்ன பிராணி என்று யோசிப்பதற்குள் மண்மேட்டுக்குப் பின்னாலிருந்து தாய் வந்தது. குட்டையான உருவம்தான். ஆனால் அத்தனை பேரையும் ஜேசிபியையும் பார்த்து அது ஓடவில்லை. பல்லைக் காட்டியபடி நேராக எங்களை நோக்கி வந்தது. ஓடியது நாங்கள்தான்.

"எங்க ஆனேக்கல் பக்கம் தரக்கரடிம்போம் மேடம். தேன் பெட்டிய உடைச்சுத் தின்னும். சிறுத்தைக்கே பயப்படாது" என்றார் ஜேசிபி ஓட்டுநர், கேபின் கதவை இழுத்து மூடிக்கொண்டே. தமிழில் அது தேன்வளைக்கரடி என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

மேஸ்திரிக்கு அவசரம். "லாரி நின்னா கான்கிரீட் கெட்டியாயிடும் மேடம். சாக்கப் போட்டுக் குட்டியத் தூக்கிடலாம்."

"யாரு கைய விடுறது, நீங்களா?" என்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். தாமதமானால் மேலதிகாரி என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். இருந்தாலும் குட்டி உள்ளே இருக்கும்வரை ஊற்றக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

நீளப் பலகை ஒன்றைக் குழிக்குள் சாய்த்தோம். தாய் பாய்ந்து வந்து அதைக் கடித்துக் குதறியது. நல்லது செய்யப் போனால் இப்படியா என்று எனக்குக் கோபமே வந்தது. அப்புறம்தான் உறைத்தது, அதற்குப் பலகையோடு சண்டையில்லை, அதைப் பிடித்திருந்த எங்களோடுதான். பலகையை விட்டுவிட்டு எல்லாரையும் கேன்டீன் வாசல்வரை பின்வாங்கச் சொன்னேன்.

தாய் கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தது. பலகையை முகர்ந்தது. சரசரவென்று இறங்கியது. திரும்ப ஏறி வந்தபோது அதன் வாயில் குட்டி மல்லாக்கத் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேலே வந்ததும் குட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஜேசிபியைப் பார்த்து ஓர் உறுமல். அதன் பிறகே குட்டியைக் கவ்விக்கொண்டு புதருக்குள் போனது. கான்கிரீட்டும் கெட்டுப்போகவில்லை.

ப்ளஸ் டூ படிக்கும் என் மகள் எரிந்து விழும்போதெல்லாம் முன்பு பின்னாலேயே போய்ப் பேசிக்கொண்டிருப்பேன். இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு விலகி நிற்கிறேன். அவளாகவே வந்து பேசுகிறாள், சில நாள் ஓர் உறுமலோடு.